மேல்கண்

ஒரு கண்ணை இறுக மூடி, மறுகண்ணில் கட்டைவிரல் அளவுக் குழாய் ஒன்றைப் பொருத்தி, கடைக்காரரின் தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான் தராசு.

"படம் எடுக்கப்போறது ஃபேனையா சார்?" என்றார் கடைக்காரர்.

"இல்லீங்க. வீட்டு ஆளுங்கள."

"அப்ப ஆளப் பாருங்க. நானும் ஒரு ஆளுதான். அரை மணி நேரமா இங்கதான் நிக்கிறேன்."

அரை மணி என்பது கடைக்காரரின் பெருந்தன்மை. ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. கண்ணாடி மேசைமேல் மூன்று சின்னச் சாமான்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றை எடுக்க வேண்டும். மற்ற எவரும் ஐந்து நிமிடத்தில் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அவனுக்குத் தராசு என்று பெயர் வந்ததே இப்படித்தான். லாரிகளை நிறுத்து எடை பார்க்கும் எடைமேடையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்ப்பதால் வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். அவனும் திருத்துவதில்லை. சட்டை வாங்கப் போனால் கடை சாத்தும்வரை நீலமா சாம்பலா என்று நிற்பான், கடைசியில் மனைவி எடுத்துக் கொடுத்த பழுப்பு நிறத்தோடு வீடு திரும்புவான் என்பது வீட்டுக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

அப்பாவின் கேமரா அவனைவிட வயதில் மூத்தது. படம் எடுக்கும் லென்ஸ் ஒரு பக்கம், பார்க்கும் ஜன்னல் இன்னொரு பக்கம் என்று இருக்கும் பழைய ரகம். அந்த ஜன்னலுக்கு ஐம்பது என்ற நம்பர் போட்ட லென்ஸை மட்டுமே தெரியும். இருபத்தெட்டு என்ற அகலமான லென்ஸை மாட்டினால், லென்ஸ் பாட்டுக்கு அறை முழுவதையும் விழுங்கும். ஜன்னலோ தன் பழைய அளவையே காட்டிக்கொண்டிருக்கும். அதற்காக கேமராவின் தலையில் இருக்கும் சின்னத் தண்டவாளத்தில் தனியாக ஒரு வியூ ஃபைண்டரைச் செருகிக்கொள்ள வேண்டும். அப்பா அதற்கு வைத்த பெயர் மேல்கண்.

"இருபத்தெட்டுக்கு வாங்கு. வேற நம்பரோட வந்தா வாசல்லயே நின்னுக்க," என்று காலையில் சொல்லி அனுப்பியிருந்தார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கியது.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் டாக்டர் அவனை மாடிப்படிக்குக் கூட்டிப்போய், "இன்னிக்கோ நாளைக்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பா அதைக் கேட்டிருக்க முடியாது. ஆனால் அவன் உள்ளே வந்ததும், "மூணு மணிக்கு ஜன்னல்ல வெளிச்சம் வரும். இன்னிக்கே எடுத்துடலாம்," என்றார்.

எடுக்க வேண்டியது ஒரே ஒரு படம். அம்மா, அக்கா, தராசின் மனைவி மூவரும் ஒன்றாக இருக்கும் படம். கேட்டால் சின்ன விஷயம்போலத்தான் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் அக்கா தன் வீட்டு ஃபிரிட்ஜை ஆசையாகத் தம்பி வீட்டுக்குக் கொடுத்தாள். தராசின் மனைவி தன் அம்மாவிடம் போனில், "பழசக் கழிச்சுக் கட்டறதுக்கு அவங்களுக்கு எங்க வீடுதான் கிடைச்சுது," என்றாள். அக்கா அப்போது அதே வீட்டின் சமையலறையில், அதே ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

அப்பா படுத்த பிறகு இருவரும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். காலையில் அக்கா, மதியத்துக்கு மேல் மனைவி. மருந்து மாறிவிடக் கூடாது என்பதற்காக ஒரு நோட்டு. அதில் அக்கா எழுதுவாள்: 'பத்து மணி மாத்திரை கொடுக்கப்பட்டது.' கீழே மனைவி எழுதுவாள்: 'தெர்மாமீட்டர் வழக்கமான இடத்தில் காணப்படவில்லை.' அதற்கும் கீழே: 'அலமாரியின் இரண்டாம் தட்டில் நேற்றே வைக்கப்பட்டுள்ளது.' அரசு அலுவலகங்கள்கூட ஒன்றோடொன்று இதைவிட நெருக்கமாகக் கடிதம் எழுதிக்கொள்ளும். அப்பா இரவு மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த நோட்டைப் படித்துவிட்டுத்தான் தூங்குவார்.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். ஆளுயரக் குழிகளுக்குள்ளும் கம்பிகளுக்கு நடுவிலும் ஒடுங்கியே வேலை பார்த்தவருக்கு, வெளியே வந்தால் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கேமராவைக் கண்ணில் வைத்தபடி, "இன்னும் ஒரு அடி, இன்னும் ஒரு அடி" என்று பின்வாங்குவார். அப்படிப் போய் ஒருமுறை சாக்கடையில் இறங்கினார். ஒரு கல்யாணத்தில் மேடையிலிருந்தே விழுந்தார். விழும்போது விரல் பட்டு எடுத்த படத்தில் மண்டபத்தின் கூரை மிகத் தெளிவாக வந்திருந்தது. இப்போது கட்டில் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. பின்னால் போக அரை அடிகூட இல்லை.

"பெரியவ ஜன்னல்கிட்ட நிப்பா. உன் பொண்டாட்டி கதவுகிட்ட நிப்பா. நடுவுல உங்கம்மா. ஐம்பதுல அடங்காது," என்று போன வாரம் கணக்குப் போட்டுச் சொன்னார்.

"ரெண்டு பேரையும் சேந்து நிக்கச் சொன்னா அடங்கும்ப்பா."

"சொல்லிப் பாரேன்."

தராசு கதவுவரை போய்த் திரும்பி வந்தான்.

"அதான். லென்ஸ மாத்துறது சுலபம்," என்றார் அப்பா. லென்ஸ் முந்தாநாள் தபாலில் வந்துவிட்டது. மேல்கண்தான் பாக்கி.

"திரும்பவும் சொல்றேன் சார்," என்று கடைக்காரர் முதலாவதைத் தொட்டார். "இது கரெக்டா இருபத்தெட்டு. ஆனா கால் ஒடஞ்சது. கேமராவக் கொஞ்சம் சாய்ச்சீங்கன்னா மடியில விழும். இது பித்தளை. பாக்க அவ்வளவு சுகமா இருக்கும், கோடெல்லாம் பளிச்சுனு தெரியும். ஆனா முப்பத்தஞ்சு."

தராசு பித்தளையை மறுபடியும் எடுத்துப் பார்த்தான். உண்மையிலேயே சுகமாகத்தான் இருந்தது. கடைக்காரரைச் சுற்றி மஞ்சள் கோட்டில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் அவர் கொஞ்சம் நல்லவராகக்கூடத் தெரிந்தார். முப்பத்தைந்துக்கும் இருபத்தெட்டுக்கும் ஏழுதானே வித்தியாசம்? ஆனால் அந்த ஏழில்தான் அக்காவின் தோள் போகுமோ, மனைவியின் பாதி முகம் போகுமோ.

"இது மூணாவது. இத நீங்க இன்னும் கண்ணுல வச்சே பாக்கல." கருப்பாக, நீளமாக, கழுத்தில் ஒரு வளையத்தோடு இருந்தது. "வளையத்தத் திருப்புனா இருபத்தெட்டு, முப்பத்தஞ்சு, ஐம்பது, தொண்ணூறு எல்லாம் வரும். கொஞ்சம் இருட்டடிக்கும். அப்புறம் இதுல ஒரு..."

போன் அடித்தது. அக்கா.

"எங்கடா இருக்கே?"

"கடையிலக்கா."

"இன்னுமா கடையில? மூச்சு ஒரு மாதிரி மாறியிருக்குடா. எது வாங்குனேன்னு கேக்குறாரு."

"மூணு இருக்குக்கா. ஒண்ணு கால் ஒடஞ்சது, ஒண்ணு..."

அக்கா போனை விலக்கி அப்பாவிடம் ஏதோ சொல்வதும், அப்பாவின் குரல் கரகரப்பதும் கேட்டது.

"'தராசு முள்ளு நிக்கிறதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்'னு சொல்றாரு," என்றாள் அக்கா.

தராசு கருப்பை எடுத்துப் பையில் போட்டான். கேட்ட பணத்தைக் கொடுத்தான். ஒரு காதில் போன் இருக்க, மறுகாதில் கடைக்காரர் வாசல்வரை வந்து ஏதோ சொன்னார். "சார், அது இடவலம்..." என்று மட்டும் விழுந்தது. அப்பாவின் உடல்நலம் விசாரிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "சரிங்க, அவருகிட்டச் சொல்றேன்," என்று கையை ஆட்டிவிட்டு ஓடிப்போய்ப் பஸ்ஸைப் பிடித்தான்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நிலையாக உட்கார முடியவில்லை. கால் தானாக ஆடியது. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரையோ தேடுவதுபோல நின்று நின்று போனது. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் மேல்கண்ணை எடுத்து, வளையத்தை இருபத்தெட்டுக்குத் திருப்பி, வெளியே பார்த்தான்.

மருந்துக்கடைப் பலகையில் எழுத்துகள் பின்னாலிருந்து முன்னால் ஓடின. அடுத்த கடையிலும் அப்படியே. வலது பக்கமிருந்து வந்த சைக்கிள், குழாய்க்குள் இடது பக்கமிருந்து வந்தது. மூளையில் ஏதோ ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். ஒரே வீட்டில் ஒரே நாளில் இரண்டு பேர் என்றால் அம்மா என்ன செய்வாள் என்றுகூட யோசித்துவிட்டான். குழாயை எடுத்துவிட்டுப் பார்த்தால் உலகம் ஒழுங்காக இருந்தது. வைத்தால் மாறியது. இடது கையை ஆட்டினான். உள்ளே வலது கை ஆடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேறு இருக்கைக்குப் போனாள்.

இடவலம். கடைக்காரர் யாருடைய உடம்பையும் விசாரிக்கவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினான். சாலையைக் கடந்தான். எதிர்ப்பக்கம் போய் நின்றான். திரும்பப் போய்ப் பித்தளையை வாங்கிவிடலாம். போகப் பத்து நிமிடம், அங்கிருந்து வீட்டுக்கு ஐம்பது. மணி இரண்டாகப் போகிறது. மூன்று மணிக்கு வெளிச்சம். வெளிச்சத்துக்குள் போய்விடலாம், ஆனால் முப்பத்தைந்து. கையிலிருப்பது இருபத்தெட்டு, ஆனால் கோணல். நாற்பது டன் லாரியை ஒரு பார்வையில் 'அதிக பாரம், ஓரங்கட்டு' என்று சொல்லிவிடுகிறவன், ஐம்பது கிராம் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதையில் இரண்டு அடி முன்னால், இரண்டு அடி பின்னால் என்று நடந்தான்.

கடைப் பக்கம் போகும் பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தான். போன் அடித்தது.

"வந்துடுடா," என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. திட்டவில்லை. அக்கா திட்டாமல் அவனிடம் பேசியதாக அவனுக்கு ஞாபகமே இல்லை. படியிலிருந்து காலை எடுத்தான். நடத்துநர் ஏதோ சொன்னார். அது காதில் ஏறவில்லை.

வீட்டை அடையும்போது மூன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. அறையில் அப்பாவைத் தலையணைகளில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். காலையில் இருந்ததைவிட முகம் சின்னதாகியிருந்தது. அக்கா ஜன்னலோரம் நின்றாள். மனைவி கதவோரம், ஒரு கையைத் தாழ்ப்பாளில் வைத்தபடி, கூப்பிட்டால் வெளியே போய்விடத் தயாராக நின்றாள். அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த நேரத்துல இது என்ன கூத்து? படுத்து ரெஸ்ட் எடுக்க வேண்டிய மனுஷன்," என்றாள் யாரிடமும் இல்லாமல்.

அப்பா கையை நீட்டினார். தராசு மேல்கண்ணை அதில் வைத்தான். வளையத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நம்பர்களைப் படிக்க அவருக்குக் கண் தேவைப்படவில்லை. கண்ணில் வைத்து எதிர்ச்சுவர் காலண்டரைப் பார்த்தார்.

அவர் வாய் திறக்கட்டும் என்று தராசு காத்திருந்தான். மூச்சு மட்டும் ஒரு விசில்போல வந்து போனது.

குனிந்து அவர் காதில், "இருபத்தெட்டு இருக்குப்பா. ஆனா இடவலம் மாத்திக் காட்டுது. தெரியாம எடுத்துட்டேன். திரும்பப் போயிருக்கலாம், அதுக்குள்ள அக்கா..." என்றான்.

அப்பா காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழாயை நகர்த்தி ஜன்னல் பக்கம் பார்த்தார். கதவுப் பக்கம் பார்த்தார். உதட்டின் ஓரம் லேசாக மடிந்தது.

"நல்ல கண்ணுதான்டா," என்றார். "அவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருக்காத."

கேமராவின் தலையில் அதைச் செருகினான். அவர் சொல்லச் சொல்ல வைத்தான். தூரம் இரண்டு மீட்டர். வெளிச்சத்துக்கு நாலு. வேகம் முப்பது. கேமராவைக் கையில் கொடுத்ததும் அது அவர் மடியில் இறங்கிவிட்டது. மறுபடியும் தூக்கப் பார்த்தார். நெஞ்சுவரைகூட வரவில்லை.

"என்னங்க, வேணாங்க," என்றாள் அம்மா.

தராசு செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் ஏறினான். அப்பாவுக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து, ஸ்கூட்டரில் பின்னால் உட்காருகிற மாதிரி இரண்டு பக்கமும் காலைப் போட்டு, அவரைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டான். கையை முன்னால் நீட்டி கேமராவைத் தூக்கி, மேல்கண்ணை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தான். அப்பாவின் எடை அவனுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. தொழில் அப்படி. தெரியாமல் இருந்திருக்கலாம்.

"டேய், அப்ப நீ படத்துல இல்லியே."

"நான் புடிக்கலன்னா படமே இல்லப்பா."

"ம். அதுவும் சரிதான்."

விரலைத் தேடி எடுத்து பொத்தான்மேல் வைத்துக் கொடுத்தான். ஜன்னலில் வெளிச்சம் வந்து அம்மாவின் மடியில் விழுந்தது.

"வலது பக்கம் நிக்கிறவ, பாதிதான் தெரியுற. உள்ள வாம்மா," என்றார் அப்பா.

மனைவி தாழ்ப்பாளை விட்டுவிட்டு ஓரடி உள்ளே வந்தாள்.

"அய்யோ, நீ ஏம்மா வந்தே? அவளச் சொன்னேன்."

அக்கா ஜன்னலை விட்டு நகர்ந்தாள். "அப்பா, நான் இடது பக்கம் நிக்கிறேன்."

"இதுல நீ வலதுலதான் தெரியுற. சரி, இப்ப இடது பக்கம். இடது பக்கம் வெட்டுப்படுது."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஓரடி வைத்தார்கள். வைத்ததும் இரண்டு பேரும் நின்றார்கள்.

"யாரத்தான்ப்பா சொல்றீங்க?" என்றாள் அக்கா.

"மாமா, நான் வேணும்னா பழைய இடத்துக்கே போயிடட்டுமா?" என்றாள் மனைவி.

"யாரும் பின்னால போக வேணாம். எனக்கே தலை சுத்துது. வலது... இல்ல, அந்தப் பக்கம்... ஒரு அடி. ஒரே ஒரு அடி."

"உங்கப்பாவுக்கு எந்தக் காலத்துல வலது எது, இடது எதுன்னு தெரிஞ்சிருக்கு?" என்றாள் அம்மா, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே. "லிஃப்ட்டுல மேல கீழ மட்டும்தான் தெரியும்."

தராசுக்குக் குழப்பமாக இருந்தது. அந்தக் குழாயில் அவனே பார்த்திருக்கிறான். இருபத்தெட்டில் இந்த அறை முழுவதும் அடங்கும். ஜன்னலும் கதவும் அடங்கி, மருந்து அலமாரியும் வந்து, மேலே கொஞ்சம் மிச்சமிருக்கும். யாரும் எங்கும் வெட்டுப்பட வழியில்லை. அப்போது அப்பாவின் முதுகு அவன் நெஞ்சில் குலுங்கியது. இருமல் வருகிறது என்று நினைத்து இறுக்கிப் பிடித்தான். இருமல் வரவில்லை. குலுக்கல் மட்டும் மறுபடியும் வந்தது. சத்தமில்லாமல், வயிற்றுக்குள்ளேயே.

"பெரியவளே, இன்னொரு அடி. நீயும்தாம்மா. ம். இன்னும்."

அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் இருவரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். இனி வைக்க அடி இல்லை. தோளோடு தோள் முட்டியது. இருவரும் கேமராவை மட்டும் முறைத்தார்கள்.

"அப்படித்தான்," என்றார் அப்பா. அது வெறும் காற்றாகத்தான் வந்தது. "யாரும் அசையாதீங்க."

அறை அடங்கியது. தெருவில் ஏதோ வண்டி பின்பக்கமாக நகரும் பீப் பீப் ஒலி கேட்டு நின்றது. தராசு கேமரா ஆடாமல் இருக்க முழங்கைகளைத் தன் விலாவோடு ஒட்டிக்கொண்டான். அப்பாவின் முதுகு அவன் நெஞ்சை ஒருமுறை தள்ளியது. இறங்கியது. சொடுக்குச் சத்தத்துக்காகக் காத்திருந்தான். அவர் எப்போதும் இப்படித்தான்; எல்லாம் சரியான பிறகும் கொஞ்சம் பார்த்துக்கொண்டே இருப்பார், நிற்பவர்களுக்குக் கழுத்து வலிக்கும்வரை.

அடுத்த மூச்சு அவன் நெஞ்சைத் தள்ளவில்லை.

அவன் இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். தலை மெல்ல, அவசரமே இல்லாமல், அவன் தோள்பட்டைப் பக்கம் சாய்ந்து வந்தது. கேமராவை அதோடு சேர்த்து நகர்த்தினான். பொத்தான்மேல் இருந்த விரல் அங்கேயே இருந்தது. அதன்மேல் தன் விரலை வைத்துப் பார்த்தான். அழுத்தவில்லை.

எதிரே மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மனைவி உதட்டை அசைக்காமல், பக்கவாட்டில் மட்டும் கேட்கும்படி, "அண்ணி, முடி," என்றாள்.

அக்கா தலையைத் திருப்பாமல் கையை மட்டும் தூக்கி நெற்றியை ஒதுக்கினாள். "போச்சா?"

"இந்தப் பக்கம்."

"இப்ப?"

"ம்."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பார்வையை எடுக்காமலேயே கேட்டாள். "எடுத்துட்டாராடா?"

தராசு கேமராவை இறக்கவில்லை.

"இன்னும் இல்லம்மா," என்றான். "கொஞ்ச நேரம் அப்படியே இருங்க."

அம்மா மடியிலிருந்த கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.